வரத்து உண்டு, போக்கு இல்லை

வீட்டில் சேர்ந்துகிடக்கும் அடைசலைக் குறைத்து, கைகால் நீட்டவும் மனம் இளைப்பாறவும் இடம் உண்டாக்குவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பொருளில் வருகிற புத்தகங்கள், காணொளிகள், பண்டிகைக்கால இதழ்க் கட்டுரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன. ஓராண்டாகக் கை படாத பொருளைத் தூக்கிப் போடுங்கள். போட மனம் வராவிட்டால் உங்களுக்குப் பற்று அதிகம், அதைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்பார்கள். நோய் மனத்தில் இருக்கிறது, மருந்து மன உறுதி என்று இதற்குப் பொருள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் பாட்டனார்களைவிட நாம் திடீரென்று பற்று மிகுந்தவர்களாகிவிட்டோம் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு தகர டப்பாவைக்கூட எறியாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அவர்கள் வீட்டில் நடக்க இடம் இருந்தது. ஏன் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். ஓர் ஏரிக்கு வரத்துக்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மடையும் கலங்கலும். வரத்தைப் பெருக்கிவிட்டு மடையைத் தூர்த்துவிட்டால் நீர் ஊருக்குள்தான் வரும். அதற்கு நீரின் பேராசையைக் காரணம் காட்ட முடியாது. நம் வீடுகளுக்கு நேர்ந்திருப்பது அதுதான். பொருள் உள்ளே வரும் வழிகள் பெருகிவிட்டன, வெளியேறும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

வெளியேறும் வழி என்று எதைச் சொல்கிறேன் என்பதை ஒரு பருத்திச் சேலையை வைத்துப் பார்க்கலாம். விசேஷத்துக்குக் கட்டிய சேலை சில ஆண்டுகளில் வீட்டில் கட்டும் சேலையாகும். கிழியத் தொடங்கினால் நல்ல பக்கத்தை வெட்டி விட்டத்தில் தூளி கட்டுவார்கள். நூல் நைந்து மெத்தென்று ஆன பாகம் கைக்குழந்தைக்குத் துணியாகும். மிச்சம் தலையணை உறை, அதற்கும் பிறகு அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணி. வேட்டியின் கதையும் இதேதான். கோடை வந்தால் பழைய வேட்டியை மொட்டைமாடியில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்து, கூழ் வடகம் பிழிவார்கள். பின்னால் தண்ணீர் தெளித்தால் வடகம் உரிந்து வரும், ஏனென்றால் பருத்தி நீரை உறிஞ்சும். கடைசியில் மிஞ்சும் கந்தல் விளக்குத் திரியாக எரிந்து முடியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்தப் பயணத்தில் எந்தக் கட்டத்திலும் 'வைத்துக்கொள்வதா, எறிவதா' என்ற கேள்வி எழவில்லை. அடுத்து அந்தத் துணி என்னவாகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இப்போது பாலியெஸ்டர் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எளிதில் கிழியாது, நிறம் மங்காது. நீரை உறிஞ்சாததால் தரை துடைக்க உதவாது. சூடு பட்டால் உருகும் என்பதால் அடுப்பருகே கொண்டுபோக முடியாது. திரியாகத் திரித்தால் கரும்புகைதான் வரும். கட்டப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அலமாரியின் அடித்தட்டுக்குப் போகும் அந்தச் சேலைக்கு அங்கிருந்து அடுத்த நிலை என்று ஒன்று கிடையாது.

துணிக்கு வீட்டுக்குள்ளேயே வழி இருந்ததுபோல, மற்றவற்றுக்குத் தெருவில் வழி இருந்தது. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வந்த தள்ளுவண்டிக்காரரை நாம் நகைச்சுவைக் காட்சிகளில் நினைவு வைத்திருக்கிறோம். அவர் ஒரு பொருளாதார ஏற்பாட்டின் கடைக்கோடி ஊழியர். அவர் வாங்கியது காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து உலைக்குப் போய், மறுபடி உலோகமாகத் திரும்பி வந்தது. பழைய பட்டுப்புடவையை வாங்க ஆள் வந்தது, அதன் சரிகையில் வெள்ளி இருந்ததால். செய்தித்தாளும் நோட்டுப் புத்தகமும் எடைக்குப் போயின. கொஞ்சம் பொட்டலமாயிற்று, மீதி அட்டை ஆலைக்குப் போயிற்று. எவர்சில்வர் வந்த காலத்தில் பித்தளை அண்டாக்களும் செம்புத் தவலைகளும் வீட்டைவிட்டுப் போனதும் இந்தப் பண்டமாற்றின் வழியாகத்தான். இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டிப்போனால் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்துக் கொட்டி, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்துத் தருவதற்கு ஆட்கள் இருந்தார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்னும் அந்தப் பஞ்சுத் தொழில் நடக்கிறது. ஆனால் நகரத்து அடுக்ககத்தில் கிடப்பது ஃபோம் மெத்தை. நடுவில் குழி விழுந்த ஃபோம் மெத்தையைப் பிரித்துத் தைக்க முடியாது, உருக்க முடியாது, எடைக்குப் போட முடியாது. பார்ட்டிகிள் போர்டில் செய்த அலமாரியும் அப்படியே. ஒருமுறை தண்ணீர் ஏறி உப்பிவிட்டால் தச்சர் அதைத் தொடமாட்டார். தேக்குப் பலகையாக இருந்திருந்தால் இழைத்து வேறொரு ஸ்டூலாவது செய்திருப்பார்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று பரண்மேல் இருக்கிறது. 2006இல் அமைந்த ஆட்சியில் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவை வந்தது நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கு நான் போகவில்லை. பல வீடுகளுக்கு அதுதான் முதல் தொலைக்காட்சி. எல்லாம் பின்பக்கம் பெருத்த, படக்குழாய் வைத்த பெட்டிகள். சில ஆண்டுகளிலேயே தட்டைத் திரை மலிவாக வந்தது. பழைய பெட்டி என்ன ஆனது? அதைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரருக்கு வேண்டியது படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியும் உள்ளே இருக்கும் சுற்றுப் பலகையும்தான். மீதி ஈயம் கலந்த கண்ணாடி, யாருக்கும் வேண்டாத பாரம். செம்பை உருவிக்கொண்டு கண்ணாடியை ஏதாவது ஒரு காலி மனையில் உடைத்துப் போட்டுவிடுவார்கள். இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2022இல் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பொருளைத் தயாரித்தவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்கின்றன. ஆனால் வாங்கும் நாளில் வீட்டு வாசல்வரை வண்டி அனுப்புகிற வணிகம், திருப்பிக் கொடுக்கும் நாளில் எங்கே போய்க் கொடுப்பது என்று சொல்வதில்லை. ஆகவே அது பரணிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே புதுத் திரை வந்த அட்டைப்பெட்டி, அதனுள் தெர்மகோல், மோட்டார் எரிந்துபோன மிக்ஸியின் ஜார்கள், உணவு விடுதிப் பார்சல் வந்த கறுப்பு அடித்தட்டுப் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஐம்பது. இவற்றை வைத்திருப்பவரைப் பற்றுள்ளவர் என்றால், தெர்மகோல்மேல் யாருக்கு ஐயா பற்று இருக்கும்?

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே, பரணில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். மனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இங்கே அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு நமக்கு உதவும். லாஸ் ஏஞ்சல்ஸில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற, பிள்ளைகள் உள்ள 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை, 2001 தொடங்கிச் சில ஆண்டுகள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்து, பொருள்களை எண்ணிப் பதிவு செய்தார்கள். நான்கில் மூன்று பங்கு வீடுகளில் கார் கொட்டகைக்குள் கார் நுழைய இடமில்லை என்பது அதில் தெரியவந்த வேடிக்கைகளில் ஒன்று. அந்த வீடுகளைச் சேர்ந்தவர்களிடமே கேமராவைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசச் சொன்னார்கள். டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இருவர் அந்தப் பேச்சை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசல் என்றும், முடியாமல் கிடக்கும் வேலை என்றும் அடிக்கடி சொன்ன பெண்களின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு காலையிலிருந்து மாலைக்குள் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. நாள் ஏற ஏற அவர்கள் மனச்சோர்வும் கூடியது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. அடைசல்தான் காரணம், சோர்வு அதன் விளைவு என்று இந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. சோர்ந்தவர் கண்ணுக்கு வீடு அலங்கோலமாகத் தெரியவும் கூடும். ஆயினும் அடைசலும் முடியாத வேலையும் ஒரே மூச்சில் அந்தப் பெண்கள் வாயில் வந்தன என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் வெளியேறும் வழி இல்லாத ஒவ்வொரு பொருளும் உண்மையில் ஒரு முடியாத வேலை. ஐந்தடி உயரத்துக்கு அடுக்கிய நெல் மூட்டை யார் மனத்தையும் உறுத்தாது. அது என்னவாகும் என்பது தெளிவு. எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத சாவிக்கொத்து ஓர் இழுப்பறைக்குள் கிடந்தால், திறக்கும்போதெல்லாம் கேள்வி கேட்கும். எந்தக் கருவிக்கு என்று தெரியாத சார்ஜர் ஒயர், யார் முழங்காலுடையதோ தெரியாத எக்ஸ்ரே உறை, மொய்க்குப் பதிலாக வந்த ஐந்தாவது சுவர்க் கடிகாரம், எல்லாம் அதே சாதி. கண்முன் பல பொருள்கள் ஒரே சமயத்தில் கிடந்தால் மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றையொன்று அமுக்கப் போட்டியிடுகின்றன, கவனிக்க வேண்டியதைக் கவனிக்கக் கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். அது ஆய்வகத் திரையில் காட்டிய படங்களைப் பற்றியது, நம் கூடத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் திசை ஒன்றுதான். இதோடு மனித இயல்பும் சேர்ந்துகொள்கிறது. டேனியல் கானிமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடங்கள் கையில் இருந்த கோப்பைக்கே இந்த நிலை. பத்தாண்டு பரணில் இருந்த பொருளை, வாங்குவாரும் இல்லாதபோது, சும்மா எறி என்றால் மனம் எப்படித் துணியும்? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தபோது அந்தத் தயக்கத்துக்கு ஒரு சின்ன ஈடு இருந்தது. இன்று அதுவும் போயிற்று.

இந்த இடத்தில் ஜப்பானிய மேரி கோண்டோவைக் குறிப்பிடாமல் போக முடியாது. 2010 இறுதியில் வெளிவந்த அவருடைய புத்தகம் உலக மொழிகளில் பரவி, வீட்டை ஒழுங்குபடுத்துவதை ஓர் இயக்கமாகவே ஆக்கிவிட்டது. ஒரு வகைப் பொருள் முழுவதையும் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது மனத்தில் மகிழ்ச்சியைத் தூண்டுகிறதா என்று கேட்டு, தூண்டாததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொல்கிறார். முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. துணியில் தொடங்கி நினைவுப் பொருளைக் கடைசிக்கு வைப்பது நல்ல உளவியல். ஆனால் 'அனுப்பிவிடு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஜப்பானில் ஓர் ஏற்பாடே இருக்கிறது. தொலைக்காட்சி, குளிர்பதனப்பெட்டி, சலவை இயந்திரம், ஏசி ஆகியவற்றை மறுசுழற்சி செய்தே தீர வேண்டும் என்ற சட்டம் அங்கே 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான கட்டணத்தைப் போடுகிறவரே கட்டுகிறார். பெரிய சாமான்களை எடுத்துப்போக நகராட்சியிடம் முன்பதிவு செய்து பணம் கட்டி வாசலில் வைக்க வேண்டும். அங்கே குப்பைப் பையைக் கட்டி வைத்தவுடன் புத்தகத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. நம் ஊரில் அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. சென்னைக்காரர் ஒழித்துக்கட்டியது கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்குக்குப் போகும், அல்லது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக்குப் போகும். கோவைக்கு வெள்ளலூர், திருச்சிக்கு அரியமங்கலம். என் வீட்டில் உண்டான இடம் அங்கே வசிப்பவர் வீட்டு வாசலிலிருந்து எடுத்துக்கொண்ட இடம். பள்ளிக்கரணைக்கு 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது பெருமைதான். அதன் ஓரத்தில் எழுந்த குப்பை மலை நம் அலமாரிகளிலிருந்து போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எறியவேண்டாம், தானம் செய்துவிடலாமே என்பது நல்ல மனம் படைத்தவர்களின் விடை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கிய சில நாள்களுக்குள் நாகப்பட்டினம் கரைக்கு நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தவை, கறை படிந்தவை, அந்த வெயிலுக்கும் அந்த வழக்கத்துக்கும் ஒவ்வாத உடைகள். பிறர் உடுத்திய துணியை வாங்கி உடுத்தும் வழக்கமில்லாத மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் துணி குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து மக்கியது. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, அப்படி மிஞ்சிய துணியைத் திரட்டிப் பிரித்து வேறு பயனுக்குக் கொண்டுவரும் வேலையைப் பிறகு ஏற்றுக்கொண்டது. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பலருக்கு உண்மையான இரக்கம் இருந்தது. ஆனால் பெறுகிறவரின் தேவையிலிருந்து தொடங்காமல் தன் அலமாரியின் நெருக்கடியிலிருந்து தொடங்கிய இரக்கம் அது. பேரிடர் வந்தபோது அவர்கள் வீட்டில் ஒரு போக்குவழி திறந்துகொண்டது, அவ்வளவே. இந்த வழியே உலக அளவில் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு கானா நாட்டின் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தையைப் பார்க்கலாம். பணக்கார நாடுகள் கழித்த துணி மூட்டை மூட்டையாக அங்கே வந்திறங்குகிறது. விலைபோகாதது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது.

இனி என் வாதத்துக்கே வரக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு வலுவானது. நீ புகழ்கிற அந்தப் பழைய போக்குவழிகள் எல்லாம் அடுத்தவர் இல்லாமையின்மேல் கட்டப்பட்டவை அல்லவா என்று கேட்பார்கள். கிழிந்த சேலை போய்ச் சேர்ந்தது யாருக்கு? வீட்டு வேலை செய்தவருக்கு, துணி வெளுத்தவருக்கு, தெருப் பெருக்கியவருக்கு. கொடுத்தவர் கை மேலே, வாங்கியவர் கை கீழே. சாதி வகுத்த ஏணியில் பொருள் ஒவ்வொரு படியாக இறங்கியது. இறங்க இறங்க அதை மறுக்கும் உரிமை வாங்குபவருக்குக் குறைந்துகொண்டே போனது. இது முழுக்க உண்மை. அந்த ஏற்பாடு அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொன்னால் அது அநியாயம். வேலை செய்யும் அம்மா இன்று 'எனக்கு வேண்டாம்மா, நான் புதுசாவே வாங்கிக்கிறேன்' என்று சொல்கிறார் என்றால் அதைக் கண்டு மகிழத்தான் வேண்டும். ஆனால் பழைய ஏற்பாட்டில் இரண்டு இழைகள் பின்னியிருந்தன. ஒன்று, கழித்ததைக் கீழே தள்ளுவது. மற்றது, மறுபடி பயன்படக்கூடிய மூலப்பொருளுக்கு விலை கொடுத்து வாங்குவது. பித்தளையைத் தராசில் வைத்து வாங்கியவர் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். பேரம் பேசும் வணிகர். காப்பாற்ற வேண்டியது இந்த இரண்டாவது இழையை. காயலான் கடைக்காரரையும் பழைய பேப்பர்க்காரரையும் குப்பைக்காரர் என்று பார்க்காமல், நகரத்தின் மூச்சுக்குழாயை நடத்துகிறவர்கள் என்று மதித்து, அவர்கள் கடைக்கு இடமும் உரிமமும் தருவது நகராட்சிகளின் வேலை. பல இடங்களில் 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் முதலில் விரட்டப்படுகிறவர்கள் அவர்களே.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் வசதிபடைத்தவர் கவலை என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37.1 விழுக்காடு ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தன. தனி அறை என்று ஒன்றுகூட இல்லாதவை 3.9 விழுக்காடு. இவர்களிடம் போய் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்வது கேலிக்கூத்து. ஒற்றை அறையில் கட்டிலுக்கடியில் பெட்டி, பெட்டிமேல் மூட்டை, மூட்டைமேல் பிள்ளையின் புத்தகப்பை என்று அடுக்கியிருப்பதற்குப் பெயர் அடைசல் அல்ல, இடப் பற்றாக்குறை. மறுபடி வாங்கக் காசில்லாதவர் உடைந்த வாளியை வைத்திருப்பது சிக்கனம். அதை மனக்குறை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த மறுப்பு 'தூக்கிப் போடு' கட்சிக்கு எதிராகப் போகிறதே தவிர என் கருத்துக்கு எதிராகப் போகவில்லை. போக்குவழி அடைபட்டதில் முதலில் பாதிக்கப்படுகிறவர்களே அவர்கள்தான். உப்பிப்போன அலமாரியை எடுத்துவைக்க அவர்களுக்குப் பரண் கிடையாது. பழுதுபார்க்க முடியாத மிக்ஸி கெட்டால் அடுத்ததற்குத் தவணை கட்டவேண்டியவர்களும் அவர்களே.

அடைசலில்தான் கற்பனை பிறக்கிறது என்றொரு கட்சியும் உண்டு. கேத்லீன் வோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குப் பிடித்தமானது. கலைந்துகிடந்த அறையில் உட்கார்ந்தவர்கள் ஒரு பொருளுக்குப் புதுமையான பயன்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒழுங்கான அறையில் உட்கார்ந்தவர்கள் நன்கொடை அதிகம் கொடுத்தார்கள், இனிப்பை விட்டு ஆப்பிளை எடுத்தார்கள். எழுத்தாளர் மேசைக்கு இது நல்ல வக்காலத்து. ஆனால் மேசைமேல் கலைந்துகிடப்பவை இன்றைய வேலையின் பொருள்கள். நாளைக்கு இடம் மாறும். அவை ஓட்டத்தில் இருக்கின்றன. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. நினைவுப் பொருள்களோடும் சண்டையில்லை. அம்மாவின் அஞ்சறைப்பெட்டியை வைத்துக்கொள்ள ஒருவர் யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை. அது போகவேண்டிய பொருளே அல்ல. எதையும் விடமுடியாமல் சமையலறையும் படுக்கையும் பயன்படாத அளவுக்குச் சேர்த்துத் துன்பப்படுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவர். அவர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பிள்ளைகள் வந்து லாரியில் அள்ளிக்கொண்டு போவது நிலைமையை மோசமாக்கும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? பொருளை வாங்கும்போதே அது வெளியேறும் வழியையும் கேட்பது முதல் வேலை. மெத்தையோ அலமாரியோ வாங்கப்போகிறவர் விலை, உத்தரவாதம், தள்ளுபடி மூன்றையும் கேட்கிறார். கெட்டுப்போனால் பிரித்துச் சரிசெய்ய முடியுமா, பழையதை நீங்களே எடுத்துக்கொள்வீர்களா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேட்பதில்லை. நூறு பேர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்பார். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் ஒரு வலைத்தளமே தொடங்கியிருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குகிற பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் ஆறாவது சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு மொய் எழுதலாம். தாம்பூலப் பையில் போடும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் பதில் தேங்காயும் வெற்றிலையும் போதும் என்று மண்டப வீட்டார் முடிவு செய்யலாம். அவை மறுநாளே தீர்ந்துவிடும். பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிற நம் வழக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் வெட்டிய எவர்சில்வர் குடத்தைப் பெற்றவர் கொடுத்தவர் இருக்கும்வரை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அன்பளிப்போடு ஒரு விலங்கையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இந்த வேலையை யார் செய்வது என்பதையும் பேசியாக வேண்டும். நான் சொன்ன ஆய்வில் அடைசலின் சுமை மனைவியர் உடலில் தெரிந்தது, கணவர்களிடம் தெரியவில்லை. கணவன்மாருக்குக் கண் தெரியவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அது தங்கள் வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளிலும் வாங்குவதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. எந்தப் பொருளை எங்கே வைப்பது, எதை எப்போது யாரிடம் போடுவது என்ற ஓயாத கணக்கு மட்டும் ஒருவர் தலையில். ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கடைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது வண்டி ஓட்டத் தெரிந்த எந்த ஆணாலும் ஆகிற காரியம்.

கடைசியாகப் போகி. பழையன கழிப்பதற்கென்று ஒரு நாளையே ஒதுக்கிவைத்த சமூகம் நாம். பாயும் ஓலையும் கந்தலும் வைக்கோலும் எரிந்த காலத்தில் அந்தத் தீ ஒரு சரியான போக்குவழியாக இருந்தது. சாம்பல் மண்ணுக்குப் போயிற்று. இன்று அதே தீயில் டயரும் ரெக்சின் பையும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக் பாயும் எரிகின்றன. 2018 ஜனவரி 13 போகி விடியலில் சென்னையில் புகை சூழ்ந்து விமானங்கள் தடைப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் வேண்டுகோள் விடுக்கிறது. சென்னை மாநகராட்சி கடந்த சில ஆண்டுகளாகப் போகிக்கு முன்னாலேயே பழைய துணி, டயர், பாய், தலையணைகளைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. இது ஆண்டுக்கு நாலு நாள் நடந்தால் போதாது. ஒவ்வொரு வார்டிலும் மாதம் ஒருநாள் நடக்க வேண்டும். மெத்தையும் பழைய தொலைக்காட்சியும்கூட வாங்கிக்கொள்ளப்பட வேண்டும். எடுத்துப்போனது எங்கே போயிற்று என்று நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இங்கே வந்திருப்பவர்களில் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் தண்ணீர் லாரிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அடுத்தபடியாக இதை ஒரு பொருளாகச் சேர்த்து, உங்கள் வார்டு உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுங்கள். மனுவில் கையெழுத்து வாங்கப் போகும்போது உங்கள் பகுதிப் பழைய பேப்பர்க் கடைக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.